மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ஒரு தக்காளி சூப்

சிதம்பரம் – விருத்தாசலம் சாலையும் பண்ருட்டி – கும்பகோணம் சாலையும் சந்திக்கும் சேத்தியாத்தோப்பு குறுக்குரோட்டில், மாலை ஆறு மணிக்கு மேல் வந்து நிற்கும் பேருந்துகளைக் கவனித்திருக்கிறீர்களா? நெய்வேலியில் பணி முடித்தவர்கள், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பும் பிள்ளைகள், சர்க்கரை ஆலையிலிருந்து வருவோர், கடையடைத்து வருவோர் என அனைவரும் இறங்குகிறார்கள். இறங்குகிறவர் ஒவ்வொருவரின் வயிற்றிலும் பசி இருக்கிறது. வீட்டிலோ, அதே அளவு களைப்போடு அடுப்படியில் ஒருவர் நிற்கிறார்.

வெள்ளிக்கிழமைச் சமையலுக்கும் விருந்து நாள் சமையலுக்கும் நாம் முன்கூட்டியே திட்டம் போடுகிறோம். செவ்வாய்க்கிழமை இரவுக்கு யார் திட்டம் போடுகிறார்கள்? அந்த இடைவெளியில்தான் பரோட்டாப் பொட்டலமும், வெந்நீர் ஊற்றிக் கலக்கும் உடனடி சூப் உறையும் நம் வீட்டுக்குள் நுழைகின்றன. என்றோ ஒருநாள் நுழைந்தால் குற்றமில்லை. வாரத்தில் நான்கு நாள் அவையே இரவு உணவென்றால், அதன் கணக்கை வீட்டுப் பெரியவரின் இரத்த அழுத்தமும் பிள்ளைகளின் நாக்கும் சுமக்க வேண்டியதாகிறது.

வாசக சகோதர சகோதரிகளே! மஃரிப் தொழுகைக்கும் இஷாவுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பொழுது நமக்குக் கிடைக்கிறது. அதில் பாதி நேரம் போதும்; நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நல்லதொரு தக்காளி சூப் தயாராகிவிடும். அடுப்பின் அருகே நீங்கள் நின்றிருக்க வேண்டிய நேரம் அதிலும் பாதிதான்.

சூப் நமக்கு அந்நியமா?

சூப் என்றதும், அது ஓட்டலில் கோட்டு அணிந்தவர் கொண்டுவந்து வைக்கும் சீமைப் பண்டம் என்ற எண்ணம் நம்மில் சிலருக்கு இன்றும் உண்டு. உண்மை வேறு. நம் மிளகுத் தண்ணீரைச் சுவைத்து அதில் மயங்கிய ஆங்கிலேயர்கள்தாம், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதை ‘முல்லிகடானி’ என்று பெயர் திரித்துத் தங்கள் மேசைக்கு எடுத்துச் சென்றார்கள். இறைச்சியும் பருப்பும் சேர்த்து அவர்கள் அதை மாற்றிக்கொண்டார்கள். எனினும் அந்தப் பெயருக்குள் இருப்பது நம் மிளகும் தண்ணீருமே.

தமிழ் முஸ்லிம் வீடுகள் பலவற்றில் குழம்பை இன்றும் ‘ஆணம்’ என்கிறோம். புளியாணம், பருப்பாணம், மீன் ஆணம் என்று அதன் குடும்பம் பெரியது. காய்ச்சல் வந்தவருக்கு எலும்பு சூப்பும், பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் மிளகும் தூக்கலாக இட்ட ஆணமும் கொடுத்து வளர்ந்த சமையல் நம்முடையது. ரமளான் மாதத்தில் பள்ளிவாசல் தோறும் கொதிக்கும் நோன்புக் கஞ்சி வேறென்ன? அரிசியால் கெட்டியாக்கப்பட்ட ஓர் உயர்ந்த சூப்தான் அது. ஆகவே தக்காளி சூப்புக்காக நாம் புதிய வித்தை எதையும் கற்க வேண்டியதில்லை. தெரிந்த வித்தையை வேறொரு காய்க்குப் பயன்படுத்துகிறோம், அவ்வளவே.

தக்காளி வந்த வழி

புதியது என்று சொல்வதானால் தக்காளியைத்தான் சொல்ல வேண்டும். அதன் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. அதைப் பயிரிட்டுப் பெருக்கியவர்கள் மெக்சிகோ நிலத்து மக்கள். அங்கிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றார்கள். பின்னர் கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்தது. நம் கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையின் பெயரிலேயே அந்தக் கப்பல் வணிகத்தின் தடம் இருக்கிறது; போர்த்துகீசியர் அவ்வூரைப் போர்ட்டோ நோவோ என்று அழைத்தனர்.

மிளகாய் வேகமாகப் பரவியது. தக்காளியோ பிரிட்டிஷார் காலத்தில்தான் மெல்ல மெல்ல நம் அடுப்புக்கு வந்தது. தக்காளி என்ற சொல் அதற்கு முன்பே தமிழில் இருந்தது. மணத்தக்காளி போன்ற சிறு கனிகளைக் குறித்த அச்சொல், புதிதாக வந்த இந்தச் சிவப்புப் பழத்துக்கும் சூட்டப்பட்டது. பழைய தலைமுறையினர் இதைச் ‘சீமைத் தக்காளி’ என்று வேறுபடுத்திச் சொன்னார்கள். இன்றோ, இது இல்லாத நாளில் இல்லத்தரசிக்குக் கையொடிந்தது போலாகிவிடுகிறது!

உறைக்குள் இருப்பது என்ன?

நீரைக் குறைத்துக் கெட்டியாக்கிய சூப்பை டப்பாவில் அடைத்து மலிவாக விற்கும் வழியை 1897இல் அமெரிக்காவின் கேம்பல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் டோரன்ஸ் என்ற வேதியியலாளர் கண்டார். தொடக்க வகைகளுள் தக்காளி சூப்பும் ஒன்று. நம் கடைகளில் தொங்கும் தூள் உறை அதன் வழிவந்த உறவு என்று கொள்ளலாம்.

அதை நஞ்சென்று தூற்றுவது நம் நோக்கமன்று. வாங்குமுன் உறையின் பின்புறத்தைப் படியுங்கள் என்பதே நம் வேண்டுகோள். சேர்க்கப்பட்ட பொருள்கள் அங்கே எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். தக்காளிக்கு முன்னால் மாவும் சர்க்கரையும் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

அடுத்து, ‘சோடியம்’ என்ற வரியைத் தேடுங்கள். அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, ஒரு கோப்பைக்கு 600 மில்லிகிராம் சோடியம் என்றிருந்தால், அது 1500 மில்லிகிராம், அதாவது ஒன்றரை கிராம் உப்பு. வளர்ந்த ஒருவர் ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தேக்கரண்டியில் அளந்தால் அது ஒரு கரண்டிக்கும் சற்றுக் குறைவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, காலையிலும் மதியத்திலும் உண்ட குழம்பு ஆகிய அனைத்தும் அந்த ஒரு கரண்டிக்குள் அடங்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை உண்ணும் வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ இரவில் ஒரு கோப்பை சூப் கொடுக்கும்போது இந்தக் கணக்கு நம் நினைவில் இருக்கட்டும்.

வீட்டில் செய்யும் சூப்பின் பெரும் நன்மை இங்கேதான் இருக்கிறது. உப்புக் கரண்டி உங்கள் கையில் இருக்கிறது.

தேவையான பொருள்கள் (நான்கு பேருக்கு)

நன்கு பழுத்த தக்காளி – முக்கால் கிலோ
பெரிய வெங்காயம் – 1
பூண்டு – 4 பல்
சிறிய கேரட் – 1
பச்சரிசி – 1 மேசைக்கரண்டி
பாசிப்பருப்பு – 2 மேசைக்கரண்டி (விரும்பினால்)
வெண்ணெய் அல்லது நெய் – 1 மேசைக்கரண்டி
தண்ணீர் – அரை லிட்டர்
உப்பு – முக்கால் தேக்கரண்டி
மிளகு – 1 தேக்கரண்டி, அப்போதே பொடித்தது
கொத்துமல்லித் தழை – ஒரு கைப்பிடி, தண்டும் இலையும் தனித்தனியாக

முக்கால் தேக்கரண்டி உப்பு ஏறத்தாழ 4 கிராம் இருக்கும். நான்கு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு ஒரு கிராம். முதலில் சப்பென்று தோன்றலாம். மிளகைத் தாராளமாகத் தூவுங்கள். ஒரு வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

நாட்டுத் தக்காளியா, பெங்களூர்த் தக்காளியா என்று கேட்பீர்கள். நாட்டுத் தக்காளியில் புளிப்பும் சாறும் மிகுதி. நீள்வட்டப் பெங்களூர்த் தக்காளியில் சதை மிகுதி, புளிப்புக் குறைவு. இரண்டையும் பாதிப் பாதியாகச் சேர்த்தால் மணமும் கெட்டியும் ஒருசேர அமையும்.

செய்முறை

மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் அரிசியையும் பருப்பையும் கழுவி ஊறவைத்துவிடுங்கள். மஃரிபுக்குப் பின் அடுப்படிக்கு வந்தால் அவை தயாராக இருக்கும்.

குக்கரில் வெண்ணெயை உருக்கி, நறுக்கிய வெங்காயத்தை இட்டுச் சிறு தீயில் ஐந்து நிமிடம் வதக்குங்கள். கண்ணாடி போல் ஆனால் போதும், சிவக்க வேண்டியதில்லை. பூண்டையும் கொத்துமல்லித் தண்டையும் சேர்த்து அரை நிமிடம் கிளறுங்கள். பூண்டு கருகினால் சூப் முழுவதும் கசந்துவிடும்.

பிறகு நான்காக வெட்டிய தக்காளி, வில்லைகளாக அரிந்த கேரட், உப்பு ஆகியவற்றைச் சேர்த்துத் தீயைக் கூட்டி, தக்காளி குழையும் வரை நான்கைந்து நிமிடம் வதக்குங்கள். தோலை உரிக்கவோ விதையை எடுக்கவோ வேண்டாம். ஊறிய அரிசியையும் பருப்பையும் போட்டு, தண்ணீர் ஊற்றி மூடி, மூன்று விசில் விட்டு இறக்குங்கள். ஆவி தானாக அடங்கட்டும். அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கலாம்; அலுவலக உடையை மாற்றலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கொதிக்கும் சூப்பை மிக்ஸி ஜாரில் நிறைய ஊற்றி இறுக மூடி அரைக்காதீர்கள். உள்ளே ஆவி திடீரென்று விரிந்து மூடியைத் தூக்கி எறியும். முகத்திலும் கையிலும் கொதிசூப் தெறிக்கும். கை பொறுக்கும் சூடு வரை ஆறவிட்டு, ஜாரில் பாதிக்கு மேற்படாமல் இரண்டு மூன்று தவணையாக அரையுங்கள். விதைகள் நொறுங்கிக் கூழாகும் அளவுக்கு அரைக்காமல், சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்திக் கண்ணகன்ற வடிகட்டியில் கரண்டியால் தேய்த்து வடியுங்கள். தோலும் விதையும் மேலே நின்றுவிடும்.

வடித்ததை மறுபடியும் அடுப்பில் ஏற்றி ஒரு கொதி விடுங்கள். கெட்டியாக இருந்தால் சிறிது வெந்நீர் சேர்க்கலாம். மிளகுத்தூளும் மல்லி இலையும் தூவி இறக்குங்கள். இஷாவுக்குப் பாங்கு சொல்லும் முன்பே சூப் மேசையில் இருக்கும்.

ஏன் இப்படி?

காரணம் தெரிந்து செய்யும் சமையல் கைவிட்டுப் போகாது. ஆகவே சில விளக்கங்கள்.

கடைச் சூப்பைக் கெட்டியாக்குவது பெரும்பாலும் கார்ன்ஃப்ளார் மாவு. நாம் அரிசியைப் பயன்படுத்துகிறோம். அரிசியின் மாவுச்சத்து சூட்டில் நீரை உறிஞ்சிப் பருத்து, சாற்றைப் பிடித்து நிறுத்துகிறது. நோன்புக் கஞ்சி தண்ணீர் தனியாகப் பிரியாமல் ஒருமித்து நிற்பதும் இதனால்தான். வீராணம் ஏரிப் பாசனத்தால் நெல் விளையும் இந்த மண்ணில், ஒரு கரண்டி அரிசி இல்லாத வீடும் உண்டோ?

தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் ‘லைகோபீன்’ என்ற பொருள் பச்சைத் தக்காளியைவிட வெந்த தக்காளியிலிருந்துதான் உடலில் நன்கு சேர்கிறது. சூடு பட்டால் பழத்தின் செல்சுவர் உடைந்து அது வெளிப்படுகிறது; கொழுப்பு சிறிதளவு கூட இருந்தால் எளிதாக உறிஞ்சப்படுகிறது. ஆகையால் அந்த ஒரு கரண்டி வெண்ணெய் வீண் ஆடம்பரமன்று. வேகும்போது வைட்டமின் சி ஓரளவு குறையும் என்பதும் உண்மை. புளிப்பை அடக்கச் சிலர் சமையல் சோடா இடுவார்கள். அது எஞ்சிய வைட்டமின் சியையும் அழித்துவிடும். சோடாவை விலக்குங்கள், அதன் வேலையைக் கேரட்டின் இயல்பான இனிப்பு செய்துவிடும்.

விதையை நீக்க வேண்டாம் என்றோமே, அதற்கும் காரணம் உண்டு. 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இக்கேடா, கடற்பாசிச் சாற்றின் தனிச்சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என்று கண்டறிந்தார். சுவையூட்டி உப்பாகப் பல உணவு உறைகளில் சேர்க்கப்படுவது அதுவே. பழுத்த தக்காளியில் இது இயற்கையாகவே இருக்கிறது. அதிலும் சதையைக் காட்டிலும் விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பான பகுதியில் கூடுதலாக இருக்கிறது. அதைச் சாக்கடையில் கொட்டிவிட்டுச் சுவைக்காக உறையைத் தேடுவானேன்?

பாத்திரமும் முக்கியம். தக்காளி புளிப்பானது. எவர்சில்வர் குக்கரோ மண்சட்டியோ சிறந்தது. அலுமினியக் குக்கரில் சமைக்க நேர்ந்தால் சமைத்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். இரவு முழுதும் அதிலேயே வைக்காதீர்கள். ஈயம் பூசாத பித்தளையும் செம்பும் இதற்கு ஆகவே ஆகா.

கைதவறினால்

புளிப்பு மிகுந்துவிட்டதா? கட்டியான தேங்காய்ப்பால் கால் தம்ளர், அடுப்பை அணைத்த பின் சேருங்கள். நம் வீட்டு ஆணத்தின் மணமும் கூடவே வந்துவிடும். பசும்பால் சேர்க்க விரும்புவோர் கொதிக்கும் சூப்பில் ஊற்றினால் திரிந்துபோகும். அடுப்பை அணைத்து, பாலையும் வெதுவெதுப்பாக்கி, சிறுகச் சிறுக ஊற்றிக் கலக்க வேண்டும்.

உப்புக் கூடிவிட்டதா? உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை உறிஞ்சிவிடும் என்பார்கள். கிழங்கு எடுத்துக்கொள்ளும் நீரோடு சிறிது உப்பும் போகுமே தவிர, மீதிச் சூப்பின் கரிப்பு குறையாது. உப்பிடாத வெந்த பருப்பையோ தண்ணீரையோ சேர்த்து அளவைக் கூட்டுவதே சரியான பரிகாரம்.

சூப் மட்டும் போதுமா?

போதாது. தக்காளியில் பசியடக்கும் புரதம் மிகக் குறைவு. தனிச்சூப்பைக் குடித்துவிட்டுப் படுத்த பிள்ளை பத்து மணிக்கு எழுந்து பிஸ்கட் டப்பாவைத் தேடும். அதனால்தான் பாசிப்பருப்பைச் சேர்த்தோம். கூடவே ஆளுக்கோர் அவித்த முட்டையும், தோசைக்கல்லில் வாட்டிய ரொட்டியோ இரண்டு சப்பாத்தியோ இருந்தால் அது முழுமையான இரவு உணவு. காலை இட்லி எஞ்சியிருந்தால் துண்டுகளாக்கிச் சூப்பில் மிதக்க விடுங்கள். பிள்ளைகள் போட்டியிட்டு உண்பார்கள். முந்தைய நாள் கோழிக்கறி மீந்திருந்தால் எலும்பு நீக்கிப் பிய்த்துப் போடலாம்.

காய்கறி என்றால் முகம் சுளிக்கும் பிள்ளைகளுக்குக் கேரட்டோடு ஒரு துண்டு பூசணியும் சேர்த்து வேகவையுங்கள். வடித்த பின் அது இருந்த இடம் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தக்காளி வெட்டுவதும், சூப்பை வடிகட்டியில் தேய்ப்பதும், கோப்பை கழுவுவதும் பெண்களுக்கு மட்டும் எழுதிவைத்த வேலைகள் அல்ல. ஆண்பிள்ளைகளுக்குப் பத்து வயதிலேயே வடிகட்டியைக் கையில் கொடுங்கள். நாளை வெளியூரிலோ வளைகுடாவிலோ தனியறையில் தங்கும்போது அவர்களின் வயிற்றையும் பணத்தையும் காப்பது அந்தக் கைப்பழக்கம்தான்.

விலை ஏறும் நாளும் இறங்கும் நாளும்

தக்காளியைப் போல் விலையில் ஆடும் காய் அரிது. 2023 ஜூலையில் சென்னையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, தமிழக அரசு நியாயவிலைக் கடைகள் வழியே 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது. வேறொரு பருவத்தில், பறிக்கும் கூலிக்குக் கூடக் கட்டவில்லை என்று உழவர்கள் சாலையோரத்தில் கொட்டிச் செல்லும் அவலத்தையும் பார்க்கிறோம். நெல்லும் கரும்பும் நம் வட்டாரத்தின் பயிர்கள். தக்காளிக்கோ ஆந்திரத்தின் மதனப்பள்ளியும் கர்நாடகத்தின் கோலாரும் நம் ஒட்டன்சத்திரமும் பெரிய சந்தைகள். அங்கே பெருமழை பெய்தால் இங்கே நம் குழம்பு மெலிகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோ 20 ரூபாய்க்கு விற்கும் நாளில் நம் சூப்புக்கான தக்காளி 15 ரூபாய். 100 ரூபாய்க்கு விற்கும் நாளில் 75 ரூபாய். ஆகவே மலிந்த நாளில் இரண்டு மூன்று கிலோ வாங்கி, வெட்டி, தண்ணீர் ஊற்றாமல் வேகவைத்து, வடித்து, பாதியாகச் சுண்டும் வரை கொதிக்கவிடுங்கள். ஆறிய பின் ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகச் சிறு டப்பாக்களில் அடைத்து உறைநிலைப் பெட்டியில் வைத்தால் இரண்டு மாதம் நன்றாக இருக்கும். கீழ்த்தட்டில் வைத்தால் மூன்று நாள்தான். நெடுநேரம் மின்சாரம் போய் முழுதும் உருகிவிட்டால், மீண்டும் உறையவைக்காமல் அன்றே கொதிக்கவைத்துப் பயன்படுத்திவிடுங்கள். விலை ஏறிய நாளில் உங்கள் வீட்டில் சூப் நிற்காது. மலிந்த நாளில் நீங்கள் கூடுதலாக வாங்கிய இரண்டு கிலோ, விற்க முடியாமல் தவிக்கும் உழவருக்கும் சிறு உதவி.

இவர்கள் கவனிக்க

சிறுநீரக நோய்க்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தக்காளி சூப் அருந்த வேண்டாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் படுக்கப்போகும் நேரத்தில் குடிக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக, அளவாகக் குடிக்கட்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டுங்கள். சர்க்கரை சேர்க்கவே வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஊட்டுவதாயின், உப்பும் மிளகும் சேர்க்கும் முன் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். முதன்முறை என்றால் இரண்டு கரண்டிக்கு மேல் வேண்டாம்.

நோன்புக் காலத்தில் பகல் முழுதும் வெறுமையாக இருந்த வயிற்றுக்கு, பேரீத்தம்பழமும் தண்ணீரும் உண்டு சற்றுப் பொறுத்து, நீர்க்கக் காய்ச்சிய இந்தச் சூப் ஒரு கோப்பை இதமாக இருக்கும். எண்ணெயில் பொரித்த வடை, சமோசாக்களின் எண்ணிக்கையும் அதனால் தானாகக் குறையும்.

இன்று மாலை கடைவீதி வழியே திரும்பும்போது முக்கால் கிலோ தக்காளி வாங்கிச் செல்லுங்கள். மற்றவை அனைத்தும் ஏற்கெனவே உங்கள் அடுப்படியில் இருக்கின்றன. முதல் முறை உப்பும் மிளகும் சற்று முன்பின்னாக அமையலாம். மூன்றாம் முறை செய்யும்போது இந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டிய தேவையே உங்களுக்கு இராது.